பார்லிமென்ட் எப்படிங்க 'சாமான்' ஆகும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல கடைசிப் பக்கத்துல ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க. நோர்வே நாட்டு பார்லிமென்ட்டுக்குப் பேரு ஸ்டோர்டிங், 'ஸ்டோர்'னா பெரிய, 'டிங்'னா நம்ம இங்கிலீஷ் 'திங்', ஆக நோர்வேக்காரங்க தங்க பார்லிமென்ட்டை 'பெரிய சாமான்'னுதான் கூப்பிடறாங்கன்னு எழுதி, பக்கத்துல ஒரு கார்ட்டூன் வேற. கார்ட்டூன் நல்லாத்தான் இருந்துச்சு, சிரிச்சேன். துணுக்குலதான் பாதி சரி, மீதிப் பாதி தலைகீழ்.

டிங்கும் திங்கும் ஒரே சொல்லுதான், அதுல சந்தேகமே வேணாம். ஆனா சாமானுக்கு வச்ச பேரைத் தூக்கி யாரும் பார்லிமென்ட்டுக்கு வைக்கல. முதல்ல அந்தச் சொல்லுக்கு அர்த்தமே சபை, ஊர்க்கூட்டம், பஞ்சாயத்து. அந்தச் சபைதான் இங்கிலீஷ்ல தேஞ்சு தேஞ்சு கடைசியில 'திங்'னு, பேனாவுல இருந்து பிரச்சனை வரைக்கும் எதுக்கு வேணா சொல்ற சொல்லா ஆயிடுச்சு. நோர்வேக்காரங்க கிட்ட பழைய அர்த்தம் அப்படியே இருக்கு, அவ்வளவுதான். நாம எல்லாரும் இங்கிலீஷ் வழியாவே ஐரோப்பாவைப் பாத்துப் பழகிட்டதால இங்கிலீஷ்ல என்ன அர்த்தமோ அதுதான் அசல், மத்தவங்க பேசறதெல்லாம் அதோட கோணல்னு தோணிடுது. எனக்கு இதுலதான் கோவம், அதான் இவ்வளவு நீளமா எழுதறேன், எடம் இல்லன்னா எங்க வெட்டணும்னு கடைசியில நானே சொல்லிடறேன்.

நான் கோயம்புத்தூர்ல ஜெர்மன் சொல்லிக்குடுக்குறவன். வர்றவங்க பெரும்பாலும் நர்சிங் முடிச்ச பிள்ளைங்க, பி2 பரீட்சை பாஸ் பண்ணி ஜெர்மனி போகணும்னு வர்றவங்க. உங்க துணுக்கை போட்டோ எடுத்து எங்க கிளாஸ் வாட்ஸாப் குரூப்ல போட்டதும் ஒரு பொண்ணுதான், "சார், அப்ப ஜெர்மன் 'டிங்'கும் இதேதானா"ன்னு கேட்டுச்சு. இதேதான்மா. மூணும் ஒண்ணுதான்.

தமிழ்ல எழுதும்போது ஒரு சிக்கல், நோர்வேக்காரங்க சொல்றதையும் ஜெர்மன்காரங்க சொல்றதையும் 'டிங்'னுதான் எழுத முடியுது. உண்மையில நோர்வேல அது 'டீ, டிக்கெட்'ல வர்ற அழுத்தமான டி, ஜெர்மன்ல அது 'டாக்டர், டிரைவர்'ல வர்ற மெத்தனமான டி. இங்கிலீஷ்ல நாக்கைப் பல்லுக்கு நடுவுல வச்சு ஊதற சத்தம். இந்த மூணும் சும்மா இஷ்டத்துக்கு மாறல, கணக்கா மாறும். மூணுங்கிற எண் இங்கிலீஷ்ல 'த்ரீ', ஜெர்மன்ல 'ட்ரை', நோர்வேல 'ட்ரே'. முள்ளுக்கு 'தோர்ன்', 'டோர்ன்', 'டோர்ன்', தமிழ் எழுத்துல ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சாலும் ஜெர்மன்ல அந்த மெத்தனமான டி, நோர்வேல அந்த அழுத்தமான டி. நன்றி சொல்றதுக்கு 'தேங்க்', 'டாங்க', 'டக்'. அந்தப் பழைய நாக்கு-பல்லு சத்தத்தை இன்னிக்கும் விடாம வச்சிருக்கறது முக்கியமா இங்கிலீஷும் ஐஸ்லாந்து மொழியும்தான். ஐஸ்லாந்துல அதுக்குன்னு தனி எழுத்தே இருக்கு, நெஞ்சைத் தள்ளிக்கிட்டு நிக்கற கோடு மாதிரி ஒண்ணு, அந்த எழுத்துக்குப் பேரே 'முள்ளு'தான். அவங்க பார்லிமென்ட்டுக்குப் பேரு 'அல்திங்'. எல்லாருக்குமான திங். இதையும் 'எல்லாச் சாமானும்'னு மொழிபெயர்த்துப் போட்டுடாதீங்க தயவுசெஞ்சு.

சரி, சபைதான் பழைய அர்த்தம்னு எப்படிச் சொல்றோம்னு நியாயமா கேப்பீங்க. இங்கிலாந்துலயே சாட்சி இருக்கு. கென்ட் பகுதியை 7ம் நூற்றாண்டுல ஹ்லோத்ஹெரே, எட்ரிக்னு ரெண்டு ராஜாக்கள் ஆண்டாங்க, அவங்க பேர்ல ஒரு சட்டத் தொகுப்பு இருக்கு. அதுல ஒருத்தன் இன்னொருத்தன் மேல குத்தம் சாட்டி அவனை சபையிலயோ 'திங்'லயோ சந்திச்சா, குத்தம் சாட்டப்பட்டவன் ஜாமீன் குடுக்கணும்னு வருது. இங்க திங்னா சாமான் இல்ல, கூட்டம். இங்கிலீஷ்காரங்களோட முப்பாட்டனுங்களே அப்படித்தான் பேசியிருக்காங்க. அந்தக் காலத்துலயே வேற அர்த்தங்களும் அதே சொல்லுல கலக்க ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் பழசு போயே போச்சு.

அதுக்கும் முன்னாடி என்னன்னு போனா, குறிச்ச நேரம்ங்கற அர்த்தத்துல இருந்து வந்திருக்கும்னுதான் மொழி ஆராய்ச்சிக்காரங்க பெரும்பாலும் சொல்றாங்க. காத்திக்னு செத்துப்போன ஒரு ஜெர்மானிய மொழி, 4ம் நூற்றாண்டுல அதுல பைபிளை மொழிபெயர்த்திருக்காங்க, அதனால நமக்குத் தெரியுது, அதுல இந்தச் சொல்லோட உறவுக்காரச் சொல் ஒண்ணு இருக்கு, அர்த்தம் நேரம், காலம். இன்ன நாள்ல கூடுவோம்னு முடிவு பண்ணிக் கூடற கூட்டம், அதான் திங்.

கி.பி. 98 வாக்குல ரோமாபுரி எழுத்தாளர் டாசிட்டஸ் இந்த ஜெர்மானியக் கூட்டங்களைப் பத்தி எழுதியிருக்கார். அவர் லத்தீன்ல எழுதினதால திங்ங்கற சொல்லை சொல்லல, ஆனா நடப்பைச் சொல்றார். அமாவாசை இல்லன்னா பௌர்ணமி பாத்துக் கூடுவாங்களாம். சொன்ன நேரத்துக்கு யாரும் வரமாட்டாங்களாம், ஒருத்தரை ஒருத்தர் எதிர்பார்த்தே ரெண்டு நாள் மூணு நாள் ஓடிடுமாம், இது அவங்க சுதந்திரத்தோட கோளாறுன்னு மனுஷன் சலிச்சுக்கறார். எல்லாரும் ஆயுதத்தோடதான் உக்காருவாங்க, அமைதியா இருங்கன்னு சொல்ற அதிகாரம் பூசாரிகளுக்கு, பேசறவன் பேச்சு பிடிக்கலன்னா முணுமுணுப்பாங்க, பிடிச்சா ஈட்டியை அசைச்சுச் சத்தம் எழுப்புவாங்க. நம்ம கல்யாணப் பத்திரிகையில போட்ட முகூர்த்தத்துக்கு எத்தனை பேரு வர்றாங்கன்னு யோசிச்சா அவங்க மேல ஒரு பாசம் வருது எனக்கு.

ஐஸ்லாந்து கதைதான் இதுல பெருசு, அதைச் சொல்லாம விடமுடியாது.

930ல அல்திங் ஆரம்பிச்சது. கட்டடம் கிடையாது, வெட்டவெளி. திங்வெட்லிர்னு ஒரு இடம் ('வெல்லிர்'னு எழுதுவாங்க, 'வெட்லிர்'னு சொல்லுவாங்க, அவங்க ரெட்டை எல் அப்படித்தான் ஒலிக்கும்), திங் நடக்கற மைதானம்னு அர்த்தம். வட அமெரிக்கத் தட்டும் ஐரோப்பா-ஆசியத் தட்டும் வருஷத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் கணக்குல விலகிப் போயிக்கிட்டிருக்கற இடம் அது, நெலம் பொளந்து நீளமா ஒரு பக்கம் கருங்கல் சுவர் மாதிரி பாறை நிக்கும். ஜூன் மாசம், ராத்திரின்னே ஒண்ணு இல்லாத நாள்ங்க அங்க, ரெண்டு வாரம் போல ஊர் ஊரா குதிரையில வந்து கூடுவாங்க. கல்லும் புல்தரையும் வச்சு எழுப்பின குட்டச்சுவர் அங்க வருஷம் பூரா நிக்கும், வந்ததும் மேல துணியைப் போட்டுக்கிட்டா அதுதான் தங்கற இடம்.

அங்க ராஜா கிடையாது. நாடு முழுசுக்கும் பொதுவா இருந்த ஒரே பதவி சட்டம் சொல்றவர். மூணு வருஷத்துக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பாங்க. சட்டம் எதுவும் எழுத்துல இல்ல, எல்லாம் அவர் மண்டையிலதான். சட்டப்பாறைன்னு ஒரு மேடு, அது மேல நின்னுக்கிட்டு வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கு சட்டத்தை மனப்பாடமா சத்தமா ஒப்பிக்கணும், மூணு வருஷத்துல முழுசும் முடியும், சபை நடத்தற விதியை மட்டும் ஒவ்வொரு வருஷமும் சொல்லியாகணும். 1117, 1118 குளிர்காலத்துலதான் முதல் தடவையா எழுத ஆரம்பிச்சாங்க. அப்ப ரெண்டு நூற்றாண்டுக்கு நெருக்கமா ஒரு நாட்டோட மொத்தச் சட்டமும் ஒரு மனுஷனோட தொண்டையில ஓடியிருக்கு. நம்ம ஊர்ல வேதம், தேவாரம், பிரபந்தம்னு மனப்பாடமா கொண்டுபோன பாரம்பரியம் இருக்கு, அதனால நமக்கு இது நம்பமுடியாத விஷயம் இல்ல, ஆனா சொத்துத் தகராறு, ஆடு திருட்டு, கொலைக்கு நஷ்டஈடு எல்லாத்தையும் இப்படி ஒப்பிச்சிருக்காங்கன்னு நெனைக்கும்போது கொஞ்சம் மலைப்பாத்தான் இருக்கு.

1000ம் வருஷ வாக்குல ஒரு பெரிய பிரச்சனை வந்துச்சு. பாதிப்பேரு கிறிஸ்தவத்துக்கு மாறிட்டாங்க, பாதிப்பேரு பழைய சாமியை விடமாட்டேன்னு நிக்கறாங்க, நோர்வே ராஜா ஒருபக்கம் நெருக்கறார், உள்நாட்டுச் சண்டைதான் அடுத்து. ரெண்டு பக்கமும் சேந்து முடிவைச் சட்டம் சொல்றவர் தோர்கேர் கையில விட்டாங்க. அவரே பழைய சாமி கும்பிடறவர். அவர் தன்னோட கூடாரத்துக்குள்ள போய் போர்வையை இழுத்து மூடிக்கிட்டு ஒரு பகல் ஒரு ராத்திரி படுத்தே கிடந்தார், ஒருத்தர்கிட்டயும் பேசல. மறுநாள் பாறைக்கு வந்து, சட்டத்தைக் கிழிச்சா சமாதானத்தையும் கிழிச்சுடுவோம், எல்லாரும் கிறிஸ்தவம்னு தீர்ப்பு சொன்னார். கூடவே மூணு சலுகை, குதிரைக்கறி தின்னலாம், வளக்க வழியில்லாத பச்சக்குழந்தையை வெளிய விட்டுட்டு வர்ற பழைய வழக்கம் தொடரலாம், ரகசியமா பழைய சாமிக்குப் பலி குடுத்தா குத்தமில்ல, சாட்சியோட மாட்டினாத்தான் தண்டனை. அந்தச் சலுகையெல்லாம் சீக்கிரமே போயிடுச்சு. இதெல்லாம் நடந்த எடத்துக்குப் பேரு திங், சார். சாமான்!

பெருமை மட்டும் பேசிட்டுப் போகக்கூடாது. அதே திங்வெட்லிர்ல ஆறு வளையற எடத்துல ஒரு ஆழமான குட்டை இருக்கு. பின்னாடி டென்மார்க் ராஜா ஆட்சிக் காலத்துல, முறைதவறி குழந்தை பெத்தாங்கன்னு தீர்ப்பான பொம்பளைங்களை சாக்குல கட்டி அந்தக் குட்டையிலதான் முக்கிக் கொன்னாங்க. மூழ்கடிக்கிற மடுன்னே அதுக்குப் பேரு. அந்தத் தீர்ப்பும் திங்லதான் ஆச்சு.

1800ல டென்மார்க் ராஜா அல்திங்கை மூடிட்டார், 1840கள்ல திரும்ப வந்துச்சு, இப்போ ரெய்க்யாவிக்ல கட்டடத்துல 63 பேரோட நடக்குது. ஆனா 1944 ஜூன் 17ம் தேதி டென்மார்க்கை விட்டுப் பிரிஞ்சு குடியரசுன்னு அறிவிச்சப்ப எல்லாரும் அந்தப் பழைய பாறைக்கே போனாங்க, அன்னிக்கு மழை வேற. இன்னொரு வேடிக்கை, ஐஸ்லாந்துக்காரங்க நாற்காலி, சட்டி மாதிரி பொருளுக்கு சாதாரணமா திங்னு சொல்றதில்ல. அதுக்கு 'ஹ்லுத்துர்'னு வேற சொல் இருக்கு, அது பங்கு, குலுக்கல்ல விழுந்த பாகம்ங்கற அர்த்தத்துல இருந்து வந்தது.

இப்ப சபை எப்படி சாமான் ஆச்சுங்கற கேள்வி. சபையில என்ன நடக்கும்? வழக்கு. அதனால திங்னா வழக்கு. வழக்குன்னா ஒரு விவகாரம், ஆக திங்னா விவகாரம், சமாச்சாரம். சமாச்சாரம்னா எதுவா வேணா இருக்கலாமே, பேசறதுக்கு எடுத்துக்கிட்ட எதுவும் திங். அங்கிருந்து கையில எடுத்துக் காட்டற பொருளும் திங். ஒரே ராத்திரியில ஆகல, நூத்துக்கணக்கான வருஷம்.

இந்தப் பாதை ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்திருந்தா தற்செயல்னு தள்ளிடலாம். லத்தீன்ல 'காவ்சா'னா காரணம், கோர்ட்டு வழக்கு. அதுவே பிரெஞ்சுல 'ஷோஸ்', இத்தாலியன்ல 'கோசா'ன்னு ஆகி இன்னிக்கு வெறும் பொருள், சாமான். ஜெர்மன்ல 'ஸாஹெ'ன்னு இன்னொரு சொல் இருக்கு, எங்க பிள்ளைங்க துணிமணி, சாமான் செட்டுக்கெல்லாம் அதைத்தான் சொல்லுவாங்க, அதுவும் முன்னாடி தகராறு, வழக்கு. எதிராளிக்கு ஜெர்மன்ல 'வீடர்ஸாஹர்'னு சொல்றதுல அந்தத் தகராறு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. இங்கிலீஷ்ல 'ஃபார் காட்ஸ் சேக்'ல வர்ற 'சேக்' இதோட கூடப்பிறந்ததுதான். ஆக கோர்ட்டுல ஆரம்பிச்ச மூணு சொல்லும் பரண் மேல சாமானாப் போய் உக்காந்திருக்கு. நம்ம கிட்டயும் 'சங்கதி' இருக்கே, சமஸ்கிருதத்துல ஒண்ணுகூடறது, சேர்க்கைன்னு அர்த்தம், நாம "என்ன சங்கதி"ன்னு விஷயத்துக்குக் கேக்கறோம். இதை கிளாஸ்ல சொன்னப்ப ஒரு பையன், கர்நாடக சங்கீதம் படிச்சவன், "சார் அப்ப பாட்டுல போடற சங்கதி"ன்னு ஆரம்பிச்சான், நான் அந்தப் பக்கம் போகல, மணி ஆயிடுச்சு.

ஜெர்மன்ல நடந்ததை கொஞ்சம் சொல்றேன், அது என் பொழப்பு. மேலாக்கப் பாத்தா ஜெர்மன் 'டிங்'கும் இங்கிலீஷ் மாதிரி சாமான்தான். பேரு மறந்துபோச்சுன்னா "அந்த டிங்ஸ் எங்கடா"ம்பாங்க, நாம "அந்த இது எங்க"ம்போமே அப்படி. மனுஷன் பேரு மறந்தாலும் டிங்ஸ்தான், ஊர்ப்பேரு மறந்தாலும் டிங்ஸ்தான். ஆனா தோண்டினா பழைய பஞ்சாயத்து உள்ள உக்காந்திருக்கு. எங்க பிள்ளைங்களுக்கு ஆஸ்பத்திரியில இருந்து வர்ற ஒப்பந்தத்துல 'ஆர்பைட்ஸ்பெடிங்குங்கன்'னு முழ நீளத்துக்கு ஒரு சொல் வரும், வேலை நிபந்தனைகள்னு அர்த்தம். நடுவுல பாருங்க, 'டிங்'. சபையில பேசி ஒத்துக்கிட்டது நிபந்தனை. 'உன்பெடிங்ட்'னா கண்டிப்பா, அதாவது நிபந்தனையே இல்லாம. கூலிக்குக் கொலை பண்றவனுக்கு 'கெடுங்கனர் மோர்டர்', அதுலயும் இதே வேர்தான், பேரம் பேசி அமர்த்தினவன்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 'ஃபெர்டைடிகன்', காப்பாத்தறது, தற்காத்துக்கறது. பாத்தா டிங்கே தெரியாது. பழைய ஜெர்மன்ல 'டாகெடிங்'னு ஒரு சொல், டாக்னா நாள், நாள் குறிச்சு நடக்கற கோர்ட்டு. அது பேச்சுல மழுங்கி 'டைடிங்' ஆச்சு, அங்க நின்னு வாதாடறது ஃபெர்டைடிகன் ஆச்சு. இன்னிக்கு ஜெர்மன்ல குத்தவாளி தரப்பு வக்கீலும் 'ஃபெர்டைடிகர்'தான், ஃபுட்பால்ல பின்னாடி நிக்கற டிஃபெண்டரும் ஃபெர்டைடிகர்தான். உலகக்கோப்பை மேட்ச்ல கமென்டேட்டர் அந்தச் சொல்லைக் கத்தும்போதெல்லாம் உள்ள ஒரு பழங்காலத்துப் பஞ்சாயத்து ஓடுதுன்னு அந்த ஊர்க்காரங்க பலருக்கே தோணாது.

டச்சுக்காரங்க நடுவுல நிக்கறாங்க. 'டிங்'னா சாமான், ஆனா 'கெடிங்'னா கோர்ட்டு வழக்கு, அவசரமா இடைக்காலத் தீர்ப்பு கேட்டுப் போடற வழக்குக்கு 'கோர்ட் கெடிங்'னு பேரு, இந்த 'கோர்ட்' நம்ம கோர்ட்டு இல்ல, சுருக்கமானன்னு அர்த்தம். கடையில வெலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசறது 'அஃப்டிங்கன்'.

செவ்வாய்க்கிழமை கதை தெரியுமா? ஜெர்மன்ல 'டீன்ஸ்டாக்', டச்சுல 'டின்ஸ்டாக்'. புதுசா படிக்கற பிள்ளைங்க எல்லாம், 'டீன்ஸ்ட்'னா பணி, டியூட்டி, அதனால டியூட்டி நாள்னு தாங்களே முடிவு பண்ணிக்கறாங்க. கெடையாது. இங்கிலாந்துல வடக்கே ரோமானியர் கட்டின ஹேட்ரியன் சுவர் இருக்கு, அதுல ஹவுஸ்டெட்ஸ்ங்கற கோட்டைப் பக்கத்துல 1883ல ரோமானியப் பலிபீடக் கல்லு கிடைச்சுது. ரோமானியப் படையில சேந்து அந்தக் குளிர்ல காவல் காத்த ஃப்ரீசியா பகுதி ஆளுங்க, அதாவது இன்னிக்கு நெதர்லாந்து பக்கம், தங்க சாமிக்கு வச்ச கல்லு. சாமி பேரு லத்தீன்ல வெட்டியிருக்காங்க, 'மார்ஸ் திங்சுஸ்'. மார்ஸ்னா ரோமானியரோட போர்ச்சாமி, ஆக திங்குக்குக் காவலான மார்ஸ். ரோமானியருக்கு செவ்வாய்க்கிழமை மார்ஸோட நாள், இவங்க அதையே தங்க திங் சாமியோட நாளாக்கிக்கிட்டாங்க, அதுதான் டின்ஸ்டாக், டீன்ஸ்டாக். இங்கிலீஷ் 'டியூஸ்டே'ல இருக்கறது அதே சாமியோட சொந்தப் பேரு, 'டீவ்'. நமக்கும் செவ்வாய்க் கிரகத்தோட நாள்தான், அது அங்கிருந்து இங்க வந்த பொதுவான கிரகக் கணக்கு. திங்குக்குப் பேர்போன ஐஸ்லாந்துலயோ பழைய சாமி பேரெல்லாம் கூடாதுன்னு பிஷப் ஒருத்தர் எடுத்துவிட்டுட்டாராம், அங்க செவ்வாய்க்கிழமைக்குப் பேரு 'மூணாம் நாள்'. சப்புன்னு இருக்குல்ல?

திங்கோட அந்தச் சபை அர்த்தம் இங்கிலீஷ்லயும் முழுசா சாகல. தேர்தல் சமயத்துல நம்ம இங்கிலீஷ் பேப்பர்காரங்க 'ஹஸ்டிங்ஸ்'னு எழுதுவாங்களே, தேர்தல் களம்ங்கற அர்த்தத்துல, அது வைக்கிங்குங்க கொண்டுவந்த 'ஹூஸ்திங்', வீட்டுச் சபை, தலைவன் தன் ஆளுங்களை மட்டும் கூப்பிட்டுப் பேசறது. லண்டன்ல அந்தப் பேருல ஒரு கோர்ட்டே இருந்துச்சு. அப்புறம் வேட்பாளருங்க ஏறி நின்னு பேசற மேடைக்கு அந்தப் பேரு, 1872ல ரகசிய ஓட்டுச் சட்டம் வந்து அந்த மேடை போச்சு, பேரு மட்டும் நிக்குது. ஊர்ப்பேரா நிறைய இருக்கு, ஸ்காட்லாந்துல டிங்வால், ஷெட்லாந்துல டிங்வால், லிவர்பூல் பக்கத்துல திங்வால், எல்லாம் அதே திங்வெட்லிர்தான், அந்தந்த ஊர் வாயில நசுங்கினது.

ஐல் ஆஃப் மேன் தீவோட பார்லிமென்ட் 'டின்வால்ட்'டும் அதேதான். வருஷா வருஷம் ஜூலை 5ம் தேதி வாக்குல செயின்ட் ஜான்ஸ் கிராமத்துல நாலு அடுக்கா இருக்கற ஒரு மண்மேட்டு மேல போய் எல்லாரும் உக்காருவாங்க, நடக்கற வழியில கோரைப்புல் பரப்பியிருப்பாங்க, அந்த வருஷம் போட்ட சட்டங்களோட தலைப்பையும் சாரத்தையும் இங்கிலீஷ்லயும் தீவோட சொந்த மொழியான மான்க்ஸ்லயும் வாசிப்பாங்க. 18 மாசத்துக்குள்ள அப்படி அந்த மேட்டுல அறிவிக்கலன்னா அந்தச் சட்டம் செல்லாது. குறை இருக்கற குடிமகன் மேட்டு அடியில வந்து மனு குடுக்கலாம். கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனுநாள் ஞாபகம் வருதுல்ல?

நோர்வே, டென்மார்க்ல ரெண்டு அர்த்தமும் சேந்தே உயிரோட இருக்கு, குழப்பம் வராம அவங்க இலக்கணம் பாத்துக்குது. அங்க பேர்ச்சொல்லுக்குப் பால் உண்டு. சாமான்னா 'என் டிங்', அந்தச் சாமான் 'டிங்கன்'. சபைன்னா 'எட் டிங்', அந்தச் சபை 'டிங்கெட்'. வால் ஒட்டறதுலயே தெரிஞ்சிடும். அதனால நோர்வேல எந்தச் சின்னப் பிள்ளையும் 'ஸ்டோர்டிங்கெட்'டைக் கேட்டு பெரிய சாமான்னு நெனைக்காது. 1814ல அரசியல் சட்டம் எழுதினப்ப வச்ச பேரு அது, கூலாடிங், ஃப்ரோஸ்டாடிங்னு இருந்த பழைய வட்டாரச் சபைங்க எல்லாம் அவங்க நினைப்புல இருந்துச்சு. அந்தப் பேருங்க இன்னிக்கும் அங்க அப்பீல் கோர்ட்டுங்களுக்கு இருக்கு, பெர்கன்ல கூலாடிங், ட்ரோன்ஹைம்ல ஃப்ரோஸ்டாடிங். ஸ்வீடன்ல மாவட்டக் கோர்ட்டு 'டிங்ஸ்ரெட்'. டென்மார்க் பார்லிமென்ட் 'ஃபோல்கடிங்', ஃபோல்க்னா மக்கள், சொல்லுக்குச் சொல் போட்டா அப்படியே நம்ம மக்களவை. அது வந்தது 1849ல. தரங்கம்பாடியை வெள்ளைக்காரங்களுக்கு வித்துட்டு அவங்க கிளம்பினது 1845. நம்ம கடற்கரையில கோட்டை கட்டிக்கிட்டு இருந்த அந்த 200 சொச்ச வருஷத்துல பெரும்பகுதி அவங்க ஊர்லயே ராஜா வச்சதுதான் சட்டம்.

2021ல கம்சாயினி குணரத்தினம் ஜெயிச்சுப் போனது அந்த ஸ்டோர்டிங்குக்குத்தான், 169 பேர்ல ஒருத்தரா, இலங்கையில பொறந்து மூணு வயசுல நோர்வே போன தமிழ்ப் பொண்ணு. அதை நம்ம பேப்பர்ல பெருமையா செய்தி போட்டுட்டு, அந்தச் சபையோட பேரை சாமான்னு கேலி பண்ணா ஓஸ்லோவுல இருந்து படிக்கற நம்மாளுங்க என்ன நெனைப்பாங்க?

இந்தச் சொல்லை கெட்ட காரியத்துக்கும் இழுத்திருக்காங்க. ஹிட்லர் ஆளுங்க 1930கள்ல பழைய ஜெர்மானியப் பெருமைன்னு சொல்லி 'திங்' பேருல வெட்டவெளி அரங்கங்கள் கட்டினாங்க. ஜெர்மன்ல இந்தச் சொல் டிங்னு மாறி பல நூறு வருஷம் ஆச்சு, ஆனா பழசு மாதிரி தெரியணும்னு வேணும்னே திங்னு எழுதினாங்க. ஹைடல்பர்க்ல மலை மேல இருக்கறதை 1935ல கோயபல்ஸ் வந்து திறந்து வச்சார். ஆளாளுக்குப் பேசி ஈட்டியைத் தட்டற கூட்டத்தோட பேரை, ஒருத்தர் பேச எல்லாரும் கை தூக்கற கூட்டத்துக்கு வச்சாங்க. கொஞ்ச வருஷத்துல அவங்களே சலிச்சு விட்டுட்டாங்க. கல்படிக்கட்டு இன்னும் கிடக்கு, எங்ககிட்ட படிச்சுப்போன ஒரு பொண்ணு லீவுல போய் போட்டோ அனுப்புச்சு, மேல உக்காந்து யாரோ சிப்ஸ் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க.

ஆசிரியர் ஐயா, நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, அந்தத் துணுக்குக்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்க, 'ஸ்டோர்டிங் என்றால் பெருஞ்சபை'ன்னு மூணு வார்த்தை போதும், கார்ட்டூனைத் திரும்பப் போட வேணாம். ரெண்டு, இதே மாதிரி அடுத்து 'கிஃப்ட்'னா ஜெர்மன்ல விஷம்ங்கற துணுக்கு உங்களுக்கு வந்தே தீரும், வாட்ஸாப்ல ஓயாம சுத்திக்கிட்டிருக்கு. போடறதுன்னா அதுவும் குடுக்கறதுங்கற அர்த்தத்துலதான் ஆரம்பிச்சுது, மருந்து 'குடுக்கற' அளவுங்கற கிரேக்கச் சொல்லைப் பாத்து விஷத்துக்கு நாகரிகமா வச்ச பேருதான் அது, ஜெர்மன்ல வரதட்சணைக்கு இன்னிக்கும் 'மிட்கிஃப்ட்'னுதான் பேரு, ஸ்வீடன்ல 'யிஃப்ட்'னா விஷம், கல்யாணம் ஆனவர்னும் அர்த்தம்னு இதையும் சேத்துப் போடுங்க. கல்யாண ஜோக்குக்கு உங்க கார்ட்டூனிஸ்ட்டுக்கு அதுவே தாராளம்.

எடம் பத்தலன்னா டச்சுக்காரங்களை வெட்டுங்க, செவ்வாய்க்கிழமையைக்கூட வெட்டிக்கோங்க. போர்வை போத்திக்கிட்டுப் படுத்த தோர்கேரை மட்டும் விட்டு வைங்க.

இப்படிக்கு,
ஒரு ஜெர்மன் வாத்தியார்,
கோயம்புத்தூர்.